பட்டறை வாசல் – 9: ஸ்க்ரூவைத் தொடாதே, பிளக்கைக் கழற்று

காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு பக்கமிருந்து ஐஸ் பெட்டியோடு நெடுங்காட்டுக்குள் வரும் மீன் வண்டிகளில் பழைய டூ-ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். இன்னும் உண்டு. 1980-இல் பெடலோடு வந்த டி.வி.எஸ். 50-இன் வாரிசு அது. சுமை இழுக்கட்டும் என்று இன்ஜின் 70 சி.சி.யை ஒட்டி வளர்ந்ததே தவிர, அடிப்படை மாறவில்லை. வால்வு கிடையாது, ஆயில் பம்பு கிடையாது, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். இத்தனை எளிய இன்ஜினுக்கு வரும் வியாதிகளில் பாதி நாம் கொடுப்பதுதான்.

பட்டறைப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

"அண்ணே, லோடு வச்சா பாலம் ஏற மாட்டேங்குது. கார்புரேட்டரைக் கொஞ்சம் டியூன் பண்ணி விடுங்க."

"ஸ்க்ரூவை யாராச்சும் திருகுனீங்களா தம்பி?"

"லேசா... நான்தாண்ணே."

அந்த 'லேசா'தான் மெக்கானிக்குக்குப் பாதி நாள் வேலை. ஸ்க்ரூ கடைசியாகத் தொட வேண்டியது. முதலில் கழற்ற வேண்டியது பிளக். கொஞ்ச தூரம் நன்றாக ஓட்டி, உடனே இன்ஜினை நிறுத்திக் கழற்றிப் பார்த்தால் அதன் மூக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். காபிப்பொடி நிறமென்றால் எரிப்பு சரி. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக இருந்தால் ஆயில் அதிகம், அல்லது பொறி பலவீனம். உலர்ந்த கரித்தூள் என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெளுத்திருந்தால் எச்சரிக்கை: காற்று அதிகம், இன்ஜின் கொதிக்கிறது.

மீன் வண்டிக்குத் தனியாக ஒரு சீக்கு உண்டு. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி ஒயர் முனைகளில் பச்சை பூக்கும். பிளக் கேப்புக்குள்ளும் ஈரம் ஏறும். பொறி பிளக்குக்கு வராமல் வழியிலேயே கசிந்துவிடும். இருட்டில் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தால் ஒயரைச் சுற்றி நீலமாகப் பொறி ஓடுவதே தெரியும். புது கேப் ஒன்று போட்டால் தீர்கிற இந்த வியாதிக்குக் கார்புரேட்டரைக் குடைகிறவர்கள் எத்தனை பேர்!

பொறி நன்றாக இருந்தும் இழுவை இல்லையென்றால் நான் சந்தேகப்படுவது சைலன்சரை. எரியாத ஆயில் கரியாகி சைலன்சரின் உள்குழாயிலும், அதற்கும் முன்னால் சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் வாயிலும் படிகிறது. புகை வெளியே போகாவிட்டால் புதுக் கலவை உள்ளே வர இடமேது? வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐடிலிங் நிற்கும், ஆக்சிலேட்டரை முறுக்கினால் மட்டும் முக்கும். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் முறுக்கிப் பாருங்கள். காது கிழிந்தாலும் இன்ஜின் சட்டென்று எகிறினால் நோய் அங்கேதான். உள்குழாயைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் கரி இளகிவிடும். (கையுறை கட்டாயம். அலுமினியம் பக்கம் அந்தக் கரைசல் போகவே கூடாது, அரித்துவிடும்.) சிலிண்டர் வாயைச் சுரண்டும்போது பிஸ்டனைக் கீழே இறக்கிவைத்து, மரக்குச்சியால் சுரண்ட வேண்டும். ஸ்க்ரூடிரைவரை விட்டால் பிஸ்டனில் கோடு விழும். சிலர் உள்குழாயையே பிடுங்கி எறிந்துவிட்டு ஊரைக் கூட்டுகிறார்கள். சத்தம் கூடுவதை வேகம் என்று நினைப்பதைத் தவிர அதில் லாபம் இல்லை. வெளியே தப்பப் பார்க்கும் புதுக் கலவையை உள்ளே தள்ளுவது அந்தக் குழாயில் எழும் எதிர் அழுத்தம்தான்.

இவ்வளவு கரி எங்கிருந்து வந்தது? லிட்டருக்கு 20 மில்லி ஆயில் என்பது பரவலான கணக்கு. 'இன்ஜினுக்கு நல்லதுதானே' என்று கை தாராளமாகச் சாய்த்தால் கரி மட்டுமல்ல, ஆயில் கூடிய அளவுக்குக் கலவையில் பெட்ரோல் குறைந்து சூடும் ஏறும்.

பிளக் வெளுத்து, ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சத்தம் இறங்காமல் உறுமினால் கிராங்க் ஆயில் சீலைப் பார்க்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக்கில் கலவை கிராங்க் அறை வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகிறது. அங்கே சீல் தேய்ந்து வெளிக்காற்று புகுந்தால் ஸ்க்ரூ எதையும் சரிசெய்யாது. அப்படியே ஓட்டினால் ஒருநாள் நடுரோட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பெட்ரோல் விஷயத்தில், புதுச்சேரியைச் சேர்ந்த இந்த ஊருக்கு ஒரு வசதி: தமிழ்நாட்டைவிட விலை குறைவு. அதற்காகக் கேனில் வாங்கி வைக்காதீர்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடி சரியில்லாத கேனில் கிடந்தால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி, கார்புரேட்டர் கிண்ணத்துக்கு வந்துசேரும்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஸ்க்ரூ. இன்ஜினைச் சூடாக்கி நிறுத்துங்கள். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக, அழுத்தாமல் முழுக்க உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே விடுங்கள். ஸ்டார்ட் செய்து கால் சுற்று இப்படியும் அப்படியும் திருப்பி, சத்தம் அதிகம் எழும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். சுத்தமான வண்டியில் இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர்-ஸ்ட்ரோக். பி.எஸ்.-6 விதி வந்த 2020-க்குப் பிந்தைய வண்டிகளில் கார்புரேட்டரே இல்லை, இன்ஜெக்டர்தான். அங்கே திருகுவதற்கு ஸ்க்ரூ இல்லாததால் வியாதியும் கொஞ்சம் குறைவு.

(அடுத்த வாரம்: வழுக்கும் கிளட்ச்)