சொந்தக் காலில் நிற்பது என்றால் தனியாக நிற்பதா?



சமீப காலமாகக் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது இரண்டு பேச்சுகளை அடிக்கடி கேட்கிறோம். ஒன்று, "கடனைக் கட்டி முடிச்சாச்சு, இனிமே எதுக்குக் கூட்டம்?" என்பது. இன்னொன்று, "கூட்டத்துக்கு வந்தா அரை நாள் கூலி போகுது. பணத்தைக் கொடுத்து விடுறேன், கையெழுத்தை அப்புறம் போட்டுக்கிறேன்" என்பது.

இப்படிச் சொல்பவர்கள் குழுவுக்கு ஆகாதவர்கள் இல்லை. தவணை தவறாமல் கட்டுபவர்கள், மாடு வாங்கி, தையல் மிஷின் வாங்கி முன்னுக்கு வந்தவர்கள்தான். சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்றுதான் குழுவில் சேர்ந்தோம். நின்ற பிறகு குழு எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு நாம் எல்லோரும் உட்கார்ந்து பதில் தேட வேண்டும்.

பணம் வந்துவிட்டால் போதுமா?

ஒரு பெண் பொருளாதாரத்தில் சொந்தக் காலில் நிற்கிறாள் என்று எப்போது சொல்லலாம்? மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வருமானம் அவள் கைக்கு வருகிறதா? பால் பணம் யார் கைக்குப் போகிறது, பூக்கட்டிய காசை யார் வாங்குகிறார்கள், வங்கிப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, செலவு செய்யும் முடிவில் அவளுக்குப் பங்கு இருக்கிறதா? கடன் மனைவி பெயரில், பணம் கணவர் கையில், தவணை மட்டும் மறுபடி மனைவி தலையில் என்ற நிலை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் ஐம்பதாயிரம் ரூபாய் கடன் கணக்கு இருக்கலாம், ஆனால் ஐம்பது ரூபாயை எடுத்துச் செலவு செய்யும் உரிமை இல்லை.

மூன்றாவது, ஒரு கஷ்டம் வந்தால் போய் நிற்க இடம் இருக்கிறதா? வீட்டுக்காரர் படுத்துவிட்டால், மாடு செத்துவிட்டால், ராத்திரி அடித்து வெளியே தள்ளிவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவாள்? இதற்குப் பதில் இல்லாத பெண் எவ்வளவு சம்பாதித்தாலும் பயத்தோடுதான் இருப்பாள்.

முதல் விஷயத்தைத் தொழில் கொடுக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் மனிதர்களால்தான் கிடைக்கும். அதற்குத்தான் குழு.

முதலில் சேமிப்பு, பிறகுதான் கடன். ஏன்?

தமிழ்நாட்டில் அரசுத் திட்டத்தின் வழியாக மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. 1992ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முயற்சியை 500 குழுக்கள் என்ற இலக்கோடு சோதனையாக ஆரம்பித்தது. 1997-98ல் மகளிர் திட்டம் வந்தது. அப்போது முதல் எல்லா இடத்திலும் ஒரு வழக்கம் உண்டு. குழு ஆரம்பித்த உடனே யாரும் வங்கிக் கடன் கொடுக்க மாட்டார்கள். ஆறு மாதமாவது சேமித்து, கூட்டம் போட்டு, தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கிக் காட்ட வேண்டும்.

இதைச் சிலர் காத்திருக்க வைக்கும் வேலை என்று நினைக்கிறார்கள். அந்த ஆறு மாதத்தில்தான் யார் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார், யாருக்கு வீட்டில் என்ன பிரச்சினை, யாருக்கு உண்மையிலேயே அவசரம் என்று ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்கிறோம். நம்மிடம் அடமானம் வைக்க நகையோ நிலமோ இல்லை. ஒருவரை ஒருவர் அறிந்திருப்பதுதான் நம் அடமானம். வங்கி அதை நம்பித்தான் பணம் தருகிறது.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். வெளியில் அஞ்சு வட்டிக்கு 5,000 ரூபாய் வாங்கினால் மாதம் 250 ரூபாய் வட்டி. ஒரு வருடத்தில் 3,000 ரூபாய் போய்விடும், அசல் அப்படியே நிற்கும். அதே 5,000 ரூபாயைக் குழுவில் ஒரு வட்டிக்கு உள்கடனாக வாங்கி, மாதம் 500 ரூபாய் அசலோடு பத்துத் தவணையில் கட்டினால் மொத்த வட்டி 275 ரூபாய்தான். முதல் மாதம் 50, அடுத்த மாதம் 45 என்று குறைந்துகொண்டே வரும். அந்த 275 ரூபாயும் வெளியே போகவில்லை, நம் பொது நிதியில்தான் சேர்கிறது.

குழு கலைந்தால் இந்த வசதியும் கலைந்துபோகும். மறுபடி அஞ்சு வட்டிக்காரர் வாசலுக்குத்தான் போக வேண்டும்.

வாசலுக்கு வரும் கடன்

"குழு எதுக்கு, வீட்டுக்கே வந்து கடன் தர்றாங்களே" என்றும் சிலர் கேட்கிறார்கள். தனியார் நுண்கடன் நிறுவனங்களும் பெண்களைக் குழுவாகத்தான் சேர்க்கின்றன. ஆனால் அங்கே நம் சேமிப்பு இல்லை, நம் தீர்மானம் இல்லை, நம் பொது நிதி இல்லை. ஒருவர் கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற பொறுப்பு மட்டும் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரியே பக்கத்து வீட்டுக்காரியிடம் வசூல்காரி போல நிற்க வேண்டி வருகிறது.

ஆந்திராவில் 2010ல் என்ன நடந்தது என்பதைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரே பெண்ணுக்குப் பல நிறுவனங்கள் கடன் கொடுத்தன. ஒன்றைக் கட்ட இன்னொன்று வாங்கினார்கள். வசூல் நெருக்கடியில் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்தன. அந்த வருடம் அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

2022ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகளில் ஒன்றை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நுண்கடன் கொடுக்கும்போது, ஒரு குடும்பம் கட்டும் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. அதாவது வீட்டு வருமானம் 16,000 ரூபாய் என்றால் எல்லாத் தவணையும் சேர்த்து 8,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. இன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து உங்கள் தவணைகளைக் கூட்டிப் பாருங்கள்.

கடனில் மாட்டிய பெண் முதலில் செய்வது என்ன தெரியுமா? கூட்டத்துக்கு வருவதை நிறுத்துவாள். வெட்கம்தான் காரணம். "உடம்பு சரியில்லை" என்று ஆள் விடுவாள். கூட்டம் நல்லபடியாக நடக்கும் குழுவில், மூன்றாவது வாரமே ஒரு அக்கா அவள் வீட்டுக்குப் போய் "என்னம்மா, ஏன் வரலே?" என்று கேட்பார். பணத்தை மட்டும் கொடுத்தனுப்பும் குழுவில் அவள் வராததே யாருக்கும் தெரியாது. வீட்டைப் பூட்டிவிட்டு ஊரை விட்டுப் போன பிறகுதான் தெரியும்.

பணத்தோடு வேறு என்ன கிடைத்தது?

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்கள் எழுதப் படிக்கக் கற்றதோடு சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். ஆயிரக்கணக்கில் கற்றார்கள். அதே காலத்தில் அங்கே கல் குவாரிகளை எடுத்து நடத்தும் உரிமை பெண்கள் குழுக்களுக்கும் கொடுக்கப்பட்டது. அதுவரை ஒப்பந்தக்காரருக்குக் கல் உடைத்தவர்கள் தாங்களே குவாரியை நடத்தினார்கள்.

ஒரு சைக்கிள் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் சந்தைக்குப் போகலாம், தண்ணீர் எடுத்து வரலாம், வேலை முடிந்து நேரத்தோடு வீடு திரும்பலாம். அதில் வருமானமும் கூடியது. ஆனால் ஒரே ஒரு பெண் மட்டும் தெருவில் சைக்கிள் ஓட்டியிருந்தால் ஊர் சிரித்தே அவளை வீட்டுக்குள் தள்ளியிருக்கும். பத்துப் பேர் சேர்ந்து ஓட்டும்போது சிரிப்பவர்கள்தான் சலித்துப் போவார்கள்.

மதுரை மாவட்டம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மாவை நாம் எல்லோரும் அறிவோம். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலித் தொழிலாளி. களஞ்சியம் குழுக்களில் சேர்ந்து தலைவியாக வளர்ந்தவர். 2001ல் ஸ்த்ரீ சக்தி விருது வாங்கியபோது அன்றைய பிரதமர் வாஜ்பாய் மேடையிலேயே குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. அவரிடம் பெரிய சொத்து எதுவும் இருந்ததில்லை. சுற்றியுள்ள பெண்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்காகப் பேசியதால் வந்த மரியாதை அது.

குழு வெறும் கவுண்டர் ஆகிவிட்டதா?

கீழே உள்ளவற்றில் மூன்றுக்கு மேல் உங்கள் குழுவில் நடந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

1. பாதிப் பேருக்கு மேல் பணத்தை வேறொருவரிடம் கொடுத்தனுப்புகிறார்கள்.
2. தீர்மானப் புத்தகத்தை ஒருவரே வீட்டில் எழுதி, பிறகு கையெழுத்து வாங்குகிறார்.
3. ஊக்குநரும் பிரதிநிதியும் பல வருடமாக மாறவில்லை.
4. பொது நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியாது.
5. கடன் வாங்கிய காரணத்தை யாரும் கேட்பதில்லை.
6. கடந்த ஒரு வருடத்தில் யாராவது ஒரு ஏழை உறுப்பினர் சத்தமில்லாமல் நின்றுவிட்டார்.

ஆறாவதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். தினக்கூலிக்குப் போகும் அக்கா, கணவரை இழந்த பெண், வயதான அம்மா, இவர்கள்தான் முதலில் கழன்று போகிறார்கள். மழைக்காலத்தில் வேலை இல்லாமல் இரண்டு மாதம் சேமிப்புக் கட்ட முடியவில்லை என்றால், பணத்தை மட்டும் எண்ணும் குழுவுக்கு அவர் பாரமாகத் தெரிவார். அவருக்குத்தான் குழு அதிகம் தேவை. நாம் முன்னேறிவிட்டோம் என்பதற்கு அடையாளம், அவரையும் கூட வைத்துக்கொள்வதுதான். "மழை முடிஞ்சதும் சேர்த்துக் கட்டுங்கக்கா" என்று ஒரு தீர்மானம் போட ஐந்து நிமிடம் ஆகாது.

ஒரு மணி நேரம் போதும்

கூட்டத்தால் கூலி போகிறது என்பது உண்மையான கஷ்டம். அதற்கு வழி கூட்டத்தை விடுவது இல்லை, நேரத்தை மாற்றுவது. சாயங்காலம் வேலை முடிந்து, சமையலுக்கு இடைஞ்சல் இல்லாத நேரத்தை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் 10 நிமிடம்: வருகைப் பதிவு. போன கூட்டத் தீர்மானத்தைச் சத்தமாகப் படிப்பது. வராதவர்கள் யார், ஏன் என்று கேட்பது.

அடுத்த 25 நிமிடம்: சேமிப்பு, தவணை, கடன் கோரிக்கை. பணத்தை எல்லோர் முன்னாலும் எண்ணுவது. கணக்கை அங்கேயே எழுதுவது.

அடுத்த 20 நிமிடம்: பணம் அல்லாத பேச்சு. ரேஷன் கடை, குடிதண்ணீர், பிள்ளைகள் படிப்பு, உடல்நலம், தொழிலில் வந்த சிக்கல், எதுவும் இருக்கலாம்.

கடைசி 5 நிமிடம்: தீர்மானம் எழுதிக் கையெழுத்து. வராதவர் வீட்டுக்கு யார் போவது என்று முடிவு செய்வது.

அந்த 20 நிமிடப் பேச்சில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். கூட்டத்தில் ஒரு பெண் சொன்ன வீட்டுக் கஷ்டம் தெருவுக்குப் போகக்கூடாது. ஒரு தடவை போய்விட்டால் அவள் மறுபடி வாய் திறக்க மாட்டாள். வீட்டில் அடி உதை என்று யாராவது சொன்னால், "பொறுத்துக்கோ" என்று அனுப்பிவிடாதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181. குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். கூட இரண்டு பேர் போனால் அவளுக்குத் தைரியம் வரும்.

கிராம சபைக்கும் சேர்ந்தே போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களைக் குறித்து வையுங்கள். ஒரு பெண் தண்ணீர்க் குழாய் கேட்டால் "பார்க்கலாம்மா" என்பார்கள். பதினைந்து பேர் உட்கார்ந்து கேட்டால் தீர்மானத்தில் எழுதுவார்கள்.

எதற்காகச் சம்பாதிக்கிறோம்?

கடைசியாக ஒன்று. கடன் எதற்கு என்று படிவத்தில் எழுதுகிறோம். மாடு, கடை, கல்விச் செலவு என்று. இவ்வளவு பாடுபடுவது எதற்கு என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை. காலையில் எழுந்து வீட்டு வேலை, பிறகு தொழில், மறுபடி வீட்டு வேலை. வருமானம் கூடும்போது வேலையும் கூடுகிறது. ஓய்வு கூடுவதில்லை.

ஒவ்வொருவரும் தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி யோசியுங்கள். "என் மகள் காலேஜ் முடிக்கணும்" என்பது ஒருவருக்கு. "யார்கிட்டயும் கை நீட்டாம மருந்து வாங்கணும்" என்பது இன்னொருவருக்கு. "எங்க தெருவுல தண்ணி வரணும்", "வங்கிப் படிவத்தை நானே நிரப்பணும்" என்பதும் நல்ல இலக்குதான். அதைக் கூட்டத்தில் சொல்லுங்கள். நாலு பேருக்குத் தெரிந்த இலக்கை நாலு பேர் ஞாபகப்படுத்துவார்கள், கைகொடுப்பார்கள்.

கடன் முடிந்த உறுப்பினர்களுக்கு வேலை இன்னும் இருக்கிறது. கணக்கு எழுதத் தெரிந்தவர் இன்னொருவருக்குச் சொல்லித்தரலாம். மாடு வளர்த்துப் பழகியவர் புதிதாக மாடு வாங்குபவரோடு சந்தைக்குப் போகலாம். நாம் ஏறிவந்த படியில் இன்னொருவர் ஏறும்போது பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும் அல்லவா?

அடுத்த கூட்டத்தில் இந்த நான்கு கேள்விகளையும் பேசுங்கள்:

1. என் வருமானம் என் கைக்கு வருகிறதா?
2. எங்கள் வீட்டுத் தவணைகள் மொத்தம் எவ்வளவு? வருமானத்தில் பாதியைத் தாண்டுகிறதா?
3. நம் குழுவிலிருந்து விலகிப்போன சகோதரி யார்? அவரைப் பார்க்க யார் போவது?
4. நான் எதற்காகச் சம்பாதிக்கிறேன்?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவாருங்கள். மற்றக் குழுக்களும் தெரிந்துகொள்ளட்டும்.