கேண்டீனுக்குச் சரக்குப் போடுகிறவர்கள் கவனத்துக்கு

சென்ற கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது இளம் உறுப்பினர் ஒருவர் என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, சிப்காட்டுக்குள் ஒரு கம்பெனி கேண்டீன் ஆர்டர் வருகிறது. மாதம் இரண்டரை லட்சத்துக்குச் சரக்கு எடுப்பார்களாம். போடலாமா?" என்று கேட்டார். போடுங்கள் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. கேண்டீன் என்பது எப்படி ஓடுகிறது, அதில் பணம் எந்த வழியாகச் சுற்றி நம் கல்லாவுக்கு வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே அதற்குப் பதில் சொல்ல முடியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீன் வைக்க உத்தரவிட அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. பெரிய ஆலைகளுக்குள் அடுப்பு எரிய ஆரம்பித்தது அப்படித்தான். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைச் சட்டத் தொகுப்பில் இந்த எண்ணிக்கை 100 ஆகக் குறைந்தது; ஒப்பந்தத் தொழிலாளர்களும் அந்த 100க்குள் சேர்த்தி. 2025 நவம்பர் 21ஆம் தேதி மத்திய அரசு அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் பகுதியிலுள்ள சிறிய உருட்டாலைகள், உதிரிபாகப் பட்டறைகள் பலவும் இதனால் கேண்டீன் கணக்குக்குள் வரும். ஆகவே இந்த ஆர்டர்கள் இனிமேல் பெரிய மண்டிக்காரர்களோடு நிற்காது, சிறிய மளிகைக் கடைகளையும் தேடி வரும்.

ஆலை நிர்வாகம் தானே சமைப்பது இப்போது குறைவு. ஒரு கேட்டரிங் காண்ட்ராக்டரிடம் விட்டுவிடுவார்கள். சமையல் கட்டு, பாத்திரம், தண்ணீர், கரண்டு பெரும்பாலும் கம்பெனியுடையது. ஆளும் சரக்கும் காண்ட்ராக்டருடையது. ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு, ஒரு டிபனுக்கு இவ்வளவு, ஒரு டீக்கு இவ்வளவு என்று விலை பேசி, பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் போடுவார்கள். அந்த ஒரு வருடம் என்பதை மறந்துவிடாதீர்கள், பின்னால் அதற்கு வருகிறேன்.

மூன்று ஷிப்டு ஓடும் ஆலையில் அடுப்பு அணைவதே இல்லை. காலை 6 மணி ஷிப்டுக்கு டிபன் தயாராக வேண்டுமென்றால் மாஸ்டர் விடியற்காலை 3 மணிக்கு இட்லி ஊற்ற ஆரம்பித்தாக வேண்டும். மாவு முந்தின நாள் மாலையே அரைத்துப் பொங்க வைத்தது. 10 மணி டீ வேலை செய்யும் இடத்துக்கே போகும். 11.30க்குச் சாப்பாடு தொடங்கி, பகுதி பகுதியாக ஆட்களை விட்டு, 1.30க்கு முடியும். பந்தி முடியும் வேளையில் 2 மணி ஷிப்டு ஆட்கள் வந்து நிற்பார்கள். மாலையில் வடையோ சுண்டலோ, இரவு 8 மணிக்குச் சாப்பாடு, நள்ளிரவில் மூன்றாவது ஷிப்டுக்கு ஒரு சாப்பாடு, 3 மணிக்கு மறுபடி டீ. அந்த டீ இறங்கும்போதே மறுநாள் இட்லி ஏறிக்கொண்டிருக்கும்.

இதில் நமக்கு என்ன பாடம் என்றால், கேண்டீனில் "நாளைக்குத் தருகிறேன்" என்ற பேச்சு செல்லாது. கல்யாண வீட்டுச் சமையலில் பருப்பு குறைந்தால் பக்கத்துக் கடைக்கு ஆள் ஓடும். ஆலைக்குள் அப்படி ஓட முடியாது. கேட்டில் சீட்டு, வண்டி எண், செக்யூரிட்டி கையெழுத்து எல்லாம் உண்டு. காலை 11 மணிக்குள் சரக்கு இறக்க வேண்டும் என்று நேரம் வைத்திருப்பார்கள். நேரம் தவறினால் வண்டி சாலையில் நிற்கும், டிரைவர் பேட்டா நம் தலையில் விழும். நம் பெருஞ்சாலையின் நெரிசல் நமக்குத் தெரியாததல்ல. அரிசி செங்குன்றத்திலிருந்து வருவதென்றால் முந்தின நாளே வரவழைத்துக் கிடங்கில் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

அளவு பற்றிச் சொல்கிறேன். என் அனுபவக் கணக்கு இது. ஆலைக்கு ஆலை மாறும். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆட்கள் என்றால் 100 பேர் சாப்பாட்டுக்கு 12 கிலோ அரிசி போதும். உலையடியில் நின்று வேலை செய்கிறவர்கள் என்றால் 16, 17 கிலோ வரை போகும். சாம்பாருக்குத் துவரம் பருப்பு 100 பேருக்கு இரண்டரை முதல் 3 கிலோ. இட்லிக்கு 4 பங்கு அரிசிக்கு 1 பங்கு உளுந்து. கேண்டீன்காரர் மாதாமாதம் எடுக்கும் அரிசி அப்படியே இருந்து பருப்பு மட்டும் குறைகிறது என்றால், ஒன்று அவர் வேறு கடையிலும் வாங்குகிறார், அல்லது சாம்பாரில் பருப்புக்குப் பதில் பரங்கிக்காய் ஏறுகிறது. இரண்டாவது காரணம் என்றால் அவருக்குப் பணமுடை வந்துவிட்டது என்று அர்த்தம். அவர் வாயால் சொல்வதற்கு முன்பே நம் சிட்டை அதைச் சொல்லிவிடும்.

வடக்கத்தித் தொழிலாளர்கள் வந்தபிறகு சரக்கு வகையே மாறிவிட்டது. பீகார், ஒடிசா, வங்காளம், அஸ்ஸாம் என்று ஆட்கள் இருக்கிறார்கள். கோதுமை மாவு, உருளைக்கிழங்கு, கடுகு எண்ணெய், அவல், காபூலிக் கடலை எல்லாம் இப்போது தினச் சரக்கு. கடுகு எண்ணெயை நம் ஊரில் யார் வாங்குவார் என்று ஒரு காலத்தில் நானே கேட்டிருக்கிறேன். இன்று அது இல்லாமல் கடை நடத்த முடியாது. ஒடிசாக்காரருக்கும் வங்காளத்தாருக்கும் சோறு வேண்டும், சப்பாத்தி மட்டும் போட்டால் முகம் சுளிப்பார்கள். எல்லாரையும் "இந்திக்காரர்" என்று ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டு, மீந்து போகிறதே என்று வருத்தப்படுகிற காண்ட்ராக்டர்களைப் பார்த்திருக்கிறேன்.

மீந்து போவதுதான் இந்தத் தொழிலின் பெரிய நோய். முன்பு டோக்கன், இப்போது அட்டையோ விரல்ரேகையோ. எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று மெஷின் சொல்கிறதோ அத்தனைக்குத்தான் காசு. சமைத்த அளவுக்கு அல்ல. 600 பேருக்குச் சமைத்து 480 பேர் வந்தால் 120 சாப்பாடு நஷ்டம். குறைந்தபட்சம் இத்தனை பேருக்குக் காசு தருகிறோம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவர் தப்பிப்பார், மற்றவர் பாடு திண்டாட்டம். 2024 அக்டோபர் 11ஆம் தேதி இரவு நம் கவரைப்பேட்டை நிலையத்தில் மைசூர் – தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியதே, நினைவிருக்கும். அன்று ஆயுத பூசை. பல ஆலைகளுக்கு விடுமுறை என்பதால் கேண்டீன்காரர்கள் தப்பினார்கள். மறுநாள் மின்சார ரயில் போக்குவரத்து தடைப்பட்டது. வேலை நாளில் நடந்திருந்தால் அத்தனை கேண்டீனிலும் சோறு குப்பைக்குத்தான் போயிருக்கும். பொறியியல் கல்லூரி விடுதிகளுக்குச் சரக்குப் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். தேர்வு முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போனால் ஒரு மாதத்துக்கு மூட்டை நகராது.

இனிப் பணத்துக்கு வருவோம். இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து இரண்டு தரம் படியுங்கள்.

கணக்குக்காக ஒரு ஆலை வைத்துக்கொள்வோம். தினம் 600 சாப்பாடு, மாதம் 26 நாள், சாப்பாடு ரூ.60. மாத பில் 15,600 சாப்பாட்டுக்கு ரூ.9,36,000. இதில் காய்கறி, பால், கறி, கேஸ், ஆள் கூலி போக மளிகைப் பங்கு சுமார் இரண்டரை லட்சம். கேண்டீன்காரர் மாதம் முடிந்துதான் பில் வைப்பார். கம்பெனி அதைச் சரிபார்த்து 45 நாளில் பணம் கொடுக்கும். ஆக, 1ஆம் தேதி நாம் இறக்கிய முதல் மூட்டைக்குப் பணம் வர 75 நாள். அதற்குள் நம் பாக்கி இரண்டரை மாதச் சரக்கு, அதாவது ரூ.6,25,000. நமக்கு 3 சதவீதம் நிற்கிறது என்றால் மாத லாபம் ரூ.7,500. அந்த ஆறேகால் லட்சத்துக்கு வங்கி வட்டி மாதம் 1 சதவீதம் என்றாலும் ரூ.6,250. கையில் மிச்சம் ரூ.1,250. வண்டி வாடகையை இன்னும் நான் கழிக்கவில்லை.

பாக்கி முழுவதும் போய்விட்டால்? ஆறேகால் லட்சம் என்பது 83 மாத லாபம். ஏறக்குறைய 7 வருடம் சும்மா உழைக்க வேண்டும்.

காண்ட்ராக்டர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கூலி வாரவாரம், கேஸ் ரொக்கம், காய்கறி ரொக்கம். கடன் கொடுக்கிறவன் மளிகைக்காரன் ஒருவன்தான். ஆகவே கம்பெனி தாமதிக்கும் ஒவ்வொரு நாளையும் நம் மூட்டைதான் சுமக்கிறது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். நான்கு வருடம் ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்த ஒரு காண்ட்ராக்டர். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போவார். ஐந்தாவது வருடம் கம்பெனி டெண்டரை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டது. அது எனக்குத் தெரியாது. கடைசி மாதம் வழக்கத்தைவிட அதிகமாகச் சரக்கு எடுத்தார். வியாபாரம் பெருகுகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்! மறுமாதம் 1ஆம் தேதி என் வண்டியைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான்கு லட்சத்துக்கு மேல் நின்றுபோயிற்று. அவர் கொடுத்த செக் திரும்பியது. பழகியவராயிற்றே என்று நோட்டீஸ் அனுப்பத் தயங்கினேன். தயங்கியதில் கெடு போயிற்று. பாதிப் பணம் மூன்று வருடத்தில் சிறுகச் சிறுக வந்தது, மீதி வரவில்லை.

ஆகவே அன்பர்கள் சில காரியங்களைச் செய்துகொள்ள வேண்டும். ஒப்பந்தம் என்று முடிகிறது என்ற தேதியை ஆரம்பத்திலேயே கேட்டுப் பேரேட்டின் தலைப்பில் எழுதுங்கள். முடிவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே கடன் அளவைக் குறையுங்கள். சரக்கை நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு ஒரு முறை பணம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். காண்ட்ராக்டர் சம்மதத்தோடு கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்க முயலுங்கள்: ஒப்பந்தம் முடியும்போது மளிகைப் பாக்கி தீர்ந்ததாக நம் கடிதம் வந்தபிறகே கடைசி பில்லையும் டெபாசிட்டையும் விடுவிப்போம் என்று. பெரிய கம்பெனிகள் இதற்கு எளிதில் இணங்குவதில்லை, ஆனால் கேட்டால் சில இடங்களில் கிடைக்கிறது. செக் திரும்பினால் வங்கி தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போயாக வேண்டும். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. பாக்கி இவ்வளவு என்று வருடத்துக்கு ஒரு முறை கையெழுத்து வாங்குங்கள். சரக்குக் கொடுத்த பாக்கிக்கு வழக்குப் போடக் கெடு 3 வருடம். கெடு முடிவதற்குள் வாங்கிய கையெழுத்திலிருந்து அந்த 3 வருடம் புதிதாக எண்ணப்படும்.

45 நாளில் பணம் தர வேண்டும் என்று சிறு தொழிலுக்குச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கிறது, 2006ஆம் வருடச் சட்டம். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி. 2024 ஏப்ரல் முதல் வருமான வரியிலும் அதற்கு ஒரு பிடி வைத்தார்கள். ஆனால் 2021 ஜூலையில் வியாபாரிகளை உத்யம் பதிவுக்குள் சேர்த்தபோது, வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான் என்று வரம்பு கட்டிவிட்டார்கள். கேண்டீன்காரர் சேவைத் தொழில், சிறு தொழிலாகப் பதிவு செய்திருந்தால் அவருக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. அவருக்குச் சரக்குக் கொடுக்கும் நமக்கு இல்லை. இது நியாயமா என்று நம் பேரமைப்புகள் கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும். இப்போதைக்கு, கேண்டீன்காரரை அந்தப் பதிவைச் செய்துகொள்ளத் தூண்டுங்கள். அவர் பணம் சீக்கிரம் வந்தால் நம் பணமும் வரும்.

வரியில் ஒரு சங்கதி. ஆலை கேண்டீனுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், ஆனால் வாங்கிய சரக்கில் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. அதனால் நாம் போடும் வரி அவருக்கு முழுச் செலவு. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள, லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு மூட்டைக்கு 5 சதவீதம் வந்ததும் 26 கிலோ சிப்பம் பிறந்தது இதனால்தான். அது சரியான வழி. "பில்லே வேண்டாம் அண்ணாச்சி" என்பது சரியான வழியல்ல. பில் இல்லாத சரக்குக்கு நாளை எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது?

பில் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021 டிசம்பரில் நம் மாவட்டத்துப் பூந்தமல்லி அருகே, ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு கெட்டு, 250க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சாலை மறியல் நடந்தது. ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12இல்தான் திறந்தது. அப்படி ஒன்று நடந்தால் அரிசி யாருடையது, எண்ணெய் யாருடையது என்ற கேள்வி நம் கடை வாசலுக்கு வரும். 2022 ஜனவரி முதல் பில்லில் 14 இலக்க உணவு உரிம எண் கட்டாயம். அதோடு எந்த மூட்டை எந்தத் தேதியில் யாரிடம் வாங்கியது என்று எழுதி வையுங்கள். பெரும்பாலும் கோளாறு சரக்கில் இருப்பதில்லை. மாலை 5 மணிக்கு வடித்த சோற்றை மூடி வைத்து நள்ளிரவில் போட்டால், எந்த உயர்ந்த அரிசியும் கெடும். சூடு 60 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். ஆனால் நம் சரக்கில் கோளாறு இல்லை என்று காட்ட நம்மிடம் காகிதம் இருக்க வேண்டும்.

அந்த இளம் உறுப்பினர் ஆர்டரை எடுத்திருக்கிறார். பாக்கி இரண்டு லட்சத்தைத் தாண்டினால் வண்டி புறப்படாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாராம். மேலே சொன்ன கம்பெனிக் கடிதம், பாக்கி உறுதிச் சீட்டு இரண்டுக்கும் மாதிரி என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் மாலை 4 மணிக்கு மேல் கடைக்கு வந்து பிரதி எடுத்துக்கொள்ளலாம்.