எழுத மறுக்கும் ஹார்ட் டிஸ்க்: குற்றவாளி யார்?

புது மதர்போர்டு, புது ரேம், புது கிராபிக்ஸ் கார்டு எல்லாம் போட்டாச்சு. பழையதில் மிச்சம் ஹார்ட் டிஸ்க் மட்டும்தான். இரண்டு நாள் கழித்து ஒரு பெரிய ஃபைலை காப்பி செய்தால், எழுத முடியவில்லை என்று எர்ரர் வருகிறது. பெரும்பாலானோர் உடனே சொல்வது, "டிஸ்க் போச்சு, பழசுதானே."

கொஞ்சம் பொறுங்கள். கேபினெட்டைத் திறந்த அன்றே டிஸ்க் தற்செயலாகக் கெடலாம்தான். ஆனால் அன்று நாம் மாற்றியது டிஸ்க்குக்குப் போகும் பாதையை. எனவே முதல் சந்தேகம் அதன்மேல்தான் விழ வேண்டும்.

நீங்கள் சேமிக்கும் ஃபைல் முதலில் ரேமில் இருக்கிறது. அங்கிருந்து மதர்போர்டில் உள்ள சாட்டா கன்ட்ரோலருக்குப் போய், கேபிள் வழியாக டிஸ்க்கை அடைகிறது. இத்தனைக்கும் மின்சாரம் கொடுப்பது எஸ்எம்பிஎஸ். இதில் எங்கே உதைக்கிறது?

டிஸ்க்கே ஒரு டைரி எழுதி வைத்திருக்கிறது. அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் கொண்டு அதைப் படிக்கலாம். நான்கு வரிகளைப் பார்த்தால் போதும்.

5: கெட்டுப்போனதால் ஒதுக்கிவிட்டு மாற்று இடம் கொடுத்த செக்டார்கள்.
197: படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டார்கள்.
199: கேபிளில் வரும் வழியில் சிதைந்த தகவல்கள்.
12: டிஸ்க்குக்கு எத்தனை முறை பவர் வந்தது என்ற கணக்கு.

(கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இவற்றை 05, சி5, சி7, 0சி என்று காட்டும்.)

5, 197 ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான். அவை இரண்டும் பூஜ்யமாக இருந்து 199 மட்டும் ஏறினால் கேபிளைப் பாருங்கள். சாட்டாவில் போகும் ஒவ்வொரு பொட்டலத்தோடும் 32 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று போகும். அது பொருந்தாவிட்டால் 199 கூடும். ஒருமுறை ஏறிய எண் பிறகு இறங்காது. அதனால் இன்றைய எண்ணைக் குறித்துக்கொண்டு, கேபிளையும் போர்ட்டையும் மாற்றி, பெரிய ஃபைல் ஒன்றை காப்பி செய்து பாருங்கள். எண் நகரவில்லை என்றால் கோளாறு அங்கேதான் இருந்திருக்கிறது.

நீங்கள் கம்ப்யூட்டரை அணைக்காமலே 12 கூடுகிறதா? டிஸ்க் திடீரென மறைந்து திரும்ப வருகிறதா? அப்படியானால் பவர் இடையில் அறுபடுகிறது. புது கிராபிக்ஸ் கார்டின் பசிக்குப் பழைய எஸ்எம்பிஎஸ் ஈடுகொடுக்க முடியாமல் இருக்கலாம், அல்லது பவர் கனெக்டர் தளர்ந்திருக்கலாம்.

இந்த நான்கு எண்களிலும் சிக்காத ஆள் ஒருவர் உண்டு: ரேம். மேலே சொன்ன சரிபார்ப்பு எண் கன்ட்ரோலரில்தான் போடப்படுகிறது. அதற்கு முன்பே ரேமில் ஒரு பிட் புரண்டுவிட்டால், தவறான தகவலுக்குச் சரியான முத்திரை விழுந்துவிடும். டிஸ்க்கும் அதை விசுவாசமாக எழுதி வைக்கும். எர்ரரே வராது. பல மாதம் கழித்து ஃபோட்டோவைத் திறந்தால் பாதிப் படம் சாம்பல் நிறம். எர்ரர் காட்டும் கம்ப்யூட்டரைவிட இதுதான் ஆபத்து. பயாஸில் எக்ஸ்எம்பி போன்ற வேகக்கூட்டல்களை அணைத்துவிட்டு, மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பாதீர்கள்.

எர்ரர் வந்தவுடன் செக்டிஸ்க் ஓட்டச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். பழுதுபார்க்கச் சொன்னால் அது டிஸ்க்கில் எழுதும். ரேமோ கேபிளோ கோளாறாக இருந்தால், தவறாகப் படித்ததை வைத்துக்கொண்டு நல்ல ஃபைல்களையும் 'திருத்தி'விடும்.

ஆகவே வரிசை இதுதான். முதலில் எழுதுவதை நிறுத்துங்கள். டிஸ்க்கைக் கழற்றி, நன்றாக ஓடும் வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, முக்கியமானதை காப்பி எடுங்கள். பிறகு ஸ்மார்ட், கேபிள், பவர், ரேம் என ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. செக்டிஸ்க் கடைசியில்தான். புது டிஸ்க் வாங்குவதும் அதற்குப் பிறகுதான். கோளாறு ரேமில் இருந்தால் புது டிஸ்க்கிலும் அதே குப்பைதான் எழுதப்படும்.