நீச்சல் தெரியும், ஏரி தெரியுமா?



நம்ம பசங்க பலரும் கிணற்றிலோ ஏரியிலோ நீச்சல் கத்துக்கிட்டவங்கதான். லீவு விட்டால் போதும், தாமல் ஏரி, தென்னேரி என்று வண்டிகள் கிளம்பிவிடும். அப்படிப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-ல் மன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்து, நீந்தியே திரும்பிப் போனார். மொத்தம் 51 மணி நேரம்! ஈரோட்டுப் பையன் குற்றாலீஸ்வரன் 1994-ல், 12 வயசில், பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தார். அதே ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோதுதான் ஆனந்தன் 1984-ல் உயிரிழந்தார். இத்தனைக்கும் அங்கே நீந்துகிறவர் கூடவே படகு ஒன்று வரும். நம்ம ஏரியில் யார் வருவாங்க?

குளத்துக்கும் திறந்த தண்ணீருக்கும் முதல் வித்தியாசம் குளிர். தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். "காஞ்சிபுரம் வெயிலில் குளிரா?" என்று சிரிக்காதீங்க. ஆழமான கிணற்றிலும் ஏரியிலும் மேல் தண்ணீர்தான் சூடு; கீழே சில்லென்று இருக்கும். வேர்க்க வேர்க்க திடீரென்று குதித்தால் நம்மை அறியாமலே மூச்சு 'ஹக்' என்று உள்ளே இழுக்கும். அந்த நொடி தலை தண்ணீருக்குள் இருந்தால், உள்ளே போவது காற்று இல்லை. அதனால் கை, கால், முகம் என்று நனைத்து மெதுவாக இறங்கணும். மூச்சு சீராகும்வரை கரையை விட்டுப் போகக்கூடாது.

அடுத்தது பள்ளம். என்னைக் கேட்டால் நம்ம பக்கம் குளிரைவிட இதுதான் எமன். ஏரியில் மண் எடுத்த குழி, பாலாற்றில் மணல் அள்ளிய குழி எல்லாம் மழைக்கு நிரம்பிவிட்டால் மேலே ஒன்றும் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் பேசிக்கிட்டே நடப்போம். அடுத்த அடியில் ஆள் மூழ்கும் ஆழம். நீச்சல் தெரியாதவன் மாட்டுவது இப்படித்தான்.

மாட்டியவன் கையைத் தூக்குவான். இங்கேதான் நாம் படித்த ஆர்க்கிமிடிஸ் வருகிறார். நுரையீரல் நிறைய காற்று இருந்தால் நம் உடம்பு நல்ல தண்ணீரிலும் மயிரிழையில் மிதக்கும், அவ்வளவுதான். கடல் நீர் அடர்த்தி 1.025 என்பதால் அங்கே கொஞ்சம் சலுகை உண்டு. ஏரியில் அதுவும் இல்லை. கையை வெளியே தூக்கினால் அதன் எடையைத் தண்ணீர் தாங்காது, அந்த அளவுக்குத் தலை கீழே போகும். கையைத் தண்ணீருக்குள்ளேயே விரித்து, மல்லாந்து படுத்தால் மூக்கு மேலே நிற்கும்.

முழுகுகிறவன் சினிமா மாதிரி கத்தவும் மாட்டான். மூச்சு விடவே வாய் போதாது. அத்திவரதர் 40 வருஷம் தண்ணீருக்குள் இருப்பார். நமக்குக் கணக்கு நாலைந்து நிமிஷம்தான். அதற்காக நாமும் பாய்ந்தால் அவன் நம் கழுத்தைக் கட்டிக்கொள்வான், இரண்டு பேருமே போவோம். வேட்டி, துப்பட்டா, நீளக் கழி எதையாவது கரையில் படுத்தபடி நீட்டணும். தூரமாக இருந்தால் மூடியை இறுக்கிய காலி கேனைத் தூக்கிப் போடணும். 10 லிட்டர் கேன் கிட்டத்தட்ட 10 கிலோவைத் தாங்கும். வெளியே நிற்க வேண்டிய தலை 5 கிலோதான். கேனோடு கயிறும் கட்டியிருந்தால் இழுத்தே கரை சேர்த்துவிடலாம்.