ஹோபார்ட்டில் ஜெயித்த இந்தியா வீட்டுக்குப் போனது ஏன்? சந்தேகங்களும் விளக்கங்களும்

2012-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த முத்தரப்பு ஒருநாள் தொடர் என்றதும் நம் ரசிகர்களுக்கு நினைவு வருவது பிப்ரவரி 28 அன்று ஹோபார்ட்டில் விராட் கோலி 86 பந்தில் எடுத்த 133 ரன். இலங்கைக்கு எதிரான அந்த வெற்றிக்குப் பிறகும் இந்தியா இறுதிச்சுற்றுக்குப் போகவில்லை. அது எப்படி என்பதில்தான் இன்றும் குழப்பம்.

321 ரன்னை 50 ஓவரில் எடுத்தால் போதாதா? 40 ஓவர் கெடு எங்கிருந்து வந்தது?

புள்ளிக் கணக்கிலிருந்து. அந்தத் தொடரில் வெற்றிக்கு 4 புள்ளி. எதிரணியின் ரன் ரேட்டைப் போல 1.25 மடங்கு வேகத்தில் ஜெயித்தால் போனஸாக இன்னொரு புள்ளி. இலங்கை 50 ஓவரில் 320, அதாவது ஓவருக்கு 6.4. அதன் 1.25 மடங்கு 8. ஓவருக்கு 8 வீதம் போனால் 321-ஐ எட்ட 40 ஓவர்தான். இந்தியா 36.4 ஓவரில் முடித்தது, இலங்கைப் பந்துவீச்சாளர் மலிங்காவின் 7.4 ஓவரில் மட்டும் 96 ரன்.

முதலில் ஆடும் அணிக்கும் போனஸ் இருந்ததா?

இருந்தது. 300 எடுத்த அணி, எதிரணியை 240-க்குள் நிறுத்தினால் கிடைத்திருக்கும். எதிரணி 30 ஓவரில் ஆல் அவுட் ஆனாலும் 50 ஓவர் ஆடியதாகவே கணக்கு.

ஒரு புள்ளிக்கா இவ்வளவு பாடு?

அன்று காலை இலங்கையிடம் 15, இந்தியாவிடம் 10. சும்மா ஜெயித்திருந்தால் 14. அன்றிரவே மூட்டை கட்டியிருக்கலாம். போனஸால் 15-க்கு 15. நேருக்கு நேர் ஆடியதில் இந்தியாவுக்கு 2 வெற்றி, இலங்கைக்கு 1. அதனால் கை இந்தியாவுக்கே ஓங்கியிருந்தது. ஆனால் இலங்கைக்கு ஓர் ஆட்டம் மிச்சமிருந்தது. மார்ச் 2 அன்று மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை அது 9 ரன்னில் வென்று 19 புள்ளியைத் தொட்டது. மழை வந்து ஆட்டம் ரத்தாகியிருந்தாலும் 2 புள்ளி பெற்று முன்னேறியிருக்கும். மூன்று அணித் தொடரில் ஓர் அணி எப்போதும் கேலரியில்தான் உட்கார்ந்திருக்கும். நம் விதி அன்று ஆஸ்திரேலியா கையில்.

ஆஸ்திரேலியா வேண்டுமென்றே விட்டுக்கொடுத்ததா?

அந்த அணி ஏற்கெனவே இறுதிச்சுற்றை உறுதி செய்துவிட்டதால் எழுந்த சந்தேகம் இது. ஸ்கோர் அப்படிச் சொல்லவில்லை. 238-ஐத் துரத்தி 74 ரன்னோடு கடைசி ஓவர் வரை போராடினார் டேவிட் ஹஸ்ஸி. விட்டுக்கொடுப்பவர்கள் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

அடிலெய்டில் ஒரு பந்து குறைந்ததே?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிப்ரவரி 14 அன்று இந்தியா துரத்தியபோது மலிங்காவின் 30-வது ஓவர் ஐந்து பந்தோடு முடிக்கப்பட்டது. கடைசிப் பந்தில் 4 தேவை, 3 வந்தது. இரு அணியும் 236, ஆட்டம் டை. அந்தத் தொடரின் லீக் ஆட்டத்துக்கு சூப்பர் ஓவர் இல்லை, ஆளுக்கு 2 புள்ளி. அதில் இந்தியா ஜெயித்திருந்தால் முடிவில் இரு அணிக்கும் 17. நேருக்கு நேர் 3-1. இறுதிச்சுற்றில் இந்தியாதான். ஆனால் அந்த ஆறாவது பந்தில் ரன் வந்திருக்கும் என்பதற்கு யார் உத்தரவாதம்? விக்கெட்டும் விழுந்திருக்கலாமே.

இறுதிப்போட்டி ஒன்றா, மூன்றா?

அந்தத் தொடரில் மூன்றில் இரண்டு வென்றால் கோப்பை. பிரிஸ்பேனிலும் அடிலெய்டிலும் ஆடி ஆஸ்திரேலியா 2-1 என வென்றது. 2015-ல் இலங்கைக்குப் பதில் இங்கிலாந்து ஆடிய முத்தரப்புத் தொடருக்குப் பெர்த்தில் ஒரே இறுதிப்போட்டிதான்.