பனிக்காலத்திற்குரிய வீட்டு மூலிகைப் பானங்கள்

மதுரை ஜில்லாவின் சமவெளியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவ மழை பெய்து ஓய்ந்தபின் மார்கழியில் பனி தொடங்குகின்றது. அக்காலத்தில் சளியும் இருமலும் காணுதல் இயல்பு. அதற்கென மூலிகைச் சரக்கைக் கடையில் வாங்குவோர் பலர். அச்சரக்கிற் பல, கரம்புகளிலும் காடுகளிலும் சேகரிக்கப்படுவன. விதை விழுமுன் வேருடன் பிடுங்கினால், அச்செடி நாளடைவில் அவ்விடத்தில் அற்றுப்போம். மேலும், காய்ந்து நொறுங்கிய இலை இன்ன செடியினது என்று அறிதல் கடினம். ஆகையால் கிணற்றடியிலும் வேலியோரத்திலும் சில செடிகளை வளர்த்துக்கொள்வதே குடியானவர்களுக்கு உத்தமமான வழியாகும்.

துளசி: விதை மிகச் சிறியதாகையால் மணலுடன் கலந்து ஆவணி மத்தியில் நாற்றங்காலில் தூவ வேண்டும். சுமார் 6 வாரத்தில் நாற்று நடவுக்குத் தகுதியாகும். புரட்டாசிக் கடைசியில் நட்டால் பருவ மழை அதற்கு உதவும். நட்ட 90 நாட்களில், அதாவது மார்கழி இறுதியில், முதல் அறுப்புக் கிடைக்கும். வீட்டுத் தேவைக்கு அதற்கு முன்னரே கொழுந்து கிள்ளலாம். கிள்ளக் கிள்ளச் செடி கிளைக்கும். தரைக்கு மேல் அரை அடித் தண்டை விட்டு அறுத்தால், பின்னர் 75 நாட்களுக்கு ஒருமுறை அறுக்கலாம். 1895-ஆம் வருஷம் முதல் பெரியாற்று நீர் பெற்றுவரும் மேலூர்ப் பக்கத்து நன்செய்களிலும், திருமங்கலம் பக்கத்துக் கரிசலிலும் நீர் தேங்கினால் வேர் அழுகுமாதலால், மேட்டுப் பாத்தியில் நடுதல் அவசியம்.

கற்பூரவல்லிக்கு விதை வேண்டுவதில்லை. தண்டை ஒடித்து ஊன்றினால் வேர்விடும். தூதுவளை முட்கொடியாதலின் வேலியில் ஏற்றலாம். ஆடாதோடையும் போத்து நட்டால் பிழைக்கும். ஆடு தொடாத செடியாகையால் வேலிக்கு மிகவும் ஏற்றது. ஆவாரை புன்செய்க் கரம்பில் தானே வளர்வது; பூவை மட்டும் பறித்து, ஒரு பாதியைக் காய்ப்புக்கு விட்டுவைத்தல் வேண்டும்.

துளசியிலையையும் ஆவாரம்பூவையும் நிழலில் பரப்பி, கையால் நொறுங்கும் வரை உலர்த்தி, ஈரம் புகாத ஜாடியில் வைக்கவும். வெயிலில் காய்ந்தால் துளசியின் வாசனைத் தைலம் ஆவியாய்ப் போம். ஈரம் நின்றாலோ பூஞ்சணம் பிடிக்கும். கற்பூரவல்லி இலை நீர்ச்சத்து மிகுந்ததாதலால் பசுமையாகவே உபயோகித்தல் நன்று.

பானம் செய்கையில் சுக்கு, மல்லி, மிளகு ஆகியவற்றை இடித்து முதலில் கொதிக்கவிட வேண்டும். துளசி, கற்பூரவல்லி இலைகளை அடுப்பினின்று இறக்கியபின் இட்டு, சில நிமிஷம் மூடி வைத்தால் வாசனை நிற்கும்; விறகும் மிச்சமாகும். இனிப்புக்குக் கருப்பட்டி போதும். வடித்த இலைச் சக்கை எருக்குழிக்கு உதவும்.

ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையுடையது. கர்ப்பிணிகள் அதனை அருந்தலாகாது. நீரிழிவுக்கு மருந்துண்போர் வைத்தியரைக் கேளாமல் ஆவாரம்பூப் பானத்தை வழக்கமாகக் கொள்ளுதல் தகாது. காய்ச்சலோ இருமலோ நீடித்தால் பானத்தையே நம்பியிராமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் புறம்போக்கிலும் கண்மாய்க் கரையிலும் உள்ள மூலிகைகள் வேருடன் பறிக்கப்படாதபடி கவனிப்பார்களாயின், வரும் வருஷங்களிலும் விதைக்கும் நாற்றுக்கும் குறைவிராது.