ஊசி முனையில் விக்டர் ஹ்யூகோ

களிமண்ணிலும் வெண்கலத்திலும் உருவம் சமைத்துப் புகழ்பெற்ற பிரெஞ்சுச் சிற்பி ஒகுஸ்த் ரோடின் (1840–1917) செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட படங்கள் மிகச் சிலவே எனினும், அவற்றுள் விக்டர் ஹ்யூகோவின் முகம் தாங்கியவை அச்சோவியக் கலையின் அரும்பேறுகள் எனத் தயங்காமல் சொல்லலாம். சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' எனத் தமிழாக்கிய நாவலின் ஆசிரியரே இந்த ஹ்யூகோ.

1881-இல் லண்டன் சென்றபோது ஓவிய நண்பர் அல்போன்ஸ் லெக்ரோவிடம் ரோடின் கற்றுக்கொண்டது உலர் ஊசி முறை ஆகும். தகட்டை அரிக்க அமிலம் எதுவும் பயன்படுத்தாமல், கூரிய ஊசியைக் கைவலுவால் மட்டுமே அழுத்திக் கீறுவதால் இப்பெயர் அமைந்தது. உழுசாலின் கரையில் மண் ஒதுங்குவதுபோல, கீறலின் ஓரத்தில் செம்பு மெல்லிய விளிம்பாக எழுந்து நிற்கும், இதுவே பிசிறு. மை பூசித் துடைத்த பின்னும் பள்ளத்திலும் பிசிறின் அடியிலும் மை தங்கிவிடுவதால், ஈரத் தாளை மேலே பரப்பி உருளைகளுக்கிடையே அழுத்தி எடுக்கும்போது, கோடு கூர்மையாக நில்லாமல் வெல்வெட்டுத் துணிபோல் கருமை கசிந்து பதியும். தகட்டில் வலப்புறம் இருப்பது தாளில் இடப்புறமாக மாறும் என்பதையும் கலைஞன் முன்பே கணக்கிட வேண்டும்.

1883-இல் ஹ்யூகோவின் மார்பளவுச் சிலையைச் செய்ய ரோடின் முற்பட்டபோது, முன்னர் வேறொரு சிற்பிக்காக நெடுநேரம் அமர்ந்து சலித்திருந்த முதுபெரும் எழுத்தாளர் அசையாது அமர்ந்து காட்ட மறுத்து, தம் இல்லத்திற்கு வந்து பார்த்துக்கொள்ள மட்டும் இசைந்தார். ஆகவே ரோடின் அவரை அருகிருந்து கவனித்துச் சிறு தாள்களில் விரைந்து வரைவதும், தாழ்வாரத்தில் வைத்திருந்த களிமண்ணுக்குத் திரும்பி அதைத் திருத்துவதுமாக உழைத்தார். பல கோணங்களில் திரட்டிய இந்த முக அறிவே அடுத்த சில ஆண்டுகளில் செப்புத் தகட்டில், நேர்முகமாகவும் முக்கால் பக்கத் தோற்றமாகவும், உருப்பெற்றது.

இப்படங்களில் நெற்றியின் மேட்டைத் தடவிச் செல்வதுபோல் வளையும் கோடுகளும், புருவத்தின் கீழ் நெருங்கிச் செறிந்து கண்குழியை ஆழமாக்கும் கோடுகளும் ஓவியனுடையவை அல்ல, விரலால் களிமண்ணை அளந்த சிற்பியுடையவை. பிசிறும் செம்பில் எழுந்த நுண்ணிய புடைப்பே என்பதால், இம்முறை ரோடினின் கைக்கு இயல்பாகப் பொருந்தியது வியப்பன்று.

ஆயினும் அந்தப் பிசிறுதான் இம்முறையின் நலிந்த இடமும் ஆகும். ஒவ்வொரு படி எடுக்கும்போதும் உருளையின் அழுத்தத்தில் அது சிறிது சிறிதாக நசுங்குவதால், தகட்டின்மேல் மெல்லிய இரும்பு முலாம் பூசிக் காத்தாலொழிய, கருமை குன்றாத நல்ல படிகள் சில பத்துக்குமேல் கிடைப்பதரிது. ரோடினின் ஹ்யூகோவை அதன் முழு ஆழத்தோடு காண விரும்புவோர் தேடிப் பார்க்க வேண்டியவை, பிசிறு தேய்வதற்குமுன் எடுத்த தொடக்கப் படிகளே.